மலரிடம் கேட்காமல் விட்ட கேள்வி

1

வியாழக்கிழமை என்றால் எனக்கு மாதவிடாய் நின்ற பெண்களின் நாள். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணி வரை பன்னிரண்டு பேர், ஆளுக்கு இருபது நிமிடம். இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் முக்கால்வாசி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு சிற்றூரின் மருத்துவ நிலையத்தில் நான் நர்ஸ். இந்தக் கார்த்திகையோடு இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது.

ஊரில் நர்ஸ் என்றால் டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுப்பவள். இங்கே அதற்கென்று தனியாக ஒரு படிப்புப் படித்துத் தேறினால் நர்ஸே மருந்து எழுதலாம். பகலில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் என்று ஒன்றரை வருடம் மாடாய் உழைத்து அந்தத் தகுதியை வாங்கினேன். நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதில் பெரும்பகுதி ஹார்மோன்.

வருகிற பெண்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்துக்கு ஏறுகிறது. குப்பென்று வியர்க்கிறது. தூக்கமில்லை. மூட்டு வலிக்கிறது. தெரிந்த பெயர் நாக்கில் வருவதில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார்கள், பிறகு கழிப்பறையில் போய் அழுகிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே கணினியில் கட்டம் கட்டமாக நிரப்புவேன். இரத்த அழுத்தம் எவ்வளவு. காலில் இரத்தம் கட்டியது உண்டா. மார்பில் கட்டி வந்தது உண்டா. கர்ப்பப்பை இருக்கிறதா. சினைப்பைகள் இருக்கின்றனவா. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு அதைப் பாதுகாக்க இன்னொரு மருந்தும் வேண்டும். இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால்தான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் திறக்கும்.

இந்தக் கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்க எனக்குக் கூச்சமே இல்லை. தமிழில் கேட்கச் சொன்னால் வாய் வராது. ஒரு முறை இலங்கைத் தமிழ் அம்மா ஒருவர் வந்தார். அவருக்குக் கொடுக்கத் தமிழில் அச்சடித்த தாள் ஒன்று எங்கள் அலமாரியில் இருந்தது. அதில் இந்த அனலுக்கு ‘சூடான பாய்ச்சல்’ என்று போட்டிருந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல. அந்த அம்மா இரண்டு தரம் வாசித்துவிட்டு, இது எனக்கில்லை என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நானாக, உடம்பு காந்துகிறதா என்று கேட்டேன். அவர் கண் நிறைந்துவிட்டது.

எனக்கும் ஐம்பத்தொன்று. இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே ஹார்மோன் உள்ள ஒரு சின்ன ஒட்டுப் பட்டை ஒட்டிக்கொள்கிறேன், வாரத்துக்கு இரண்டு. உடன் வேலை பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஒரு மாதத்திலேயே தேறிவிட்டேன். அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்புகளை எழுதுவது நேர்மையாகாது.

2

போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு ஒன்பதாவதாக வந்தவர் பேருந்து ஓட்டுகிற பெண், நாற்பத்துமூன்று வயது. பெயரை இங்கே மாற்றி எலன் என்று வைத்துக்கொள்கிறேன். தோளும் கையும் எங்கள் ஊர் ஓட்டுநர்களுக்குச் சளைத்ததில்லை. சீருடையோடே வந்து உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஊரில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு வீடு மாறியிருக்கிறார். அந்தக் கடிதம் எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

வழக்கம்போல் கேட்டுக்கொண்டே வந்தேன். அவரும் அலுத்துப் போய்ப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டி ஓட்டும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறதாம். ஏறுகிற பயணிகளிடம் கத்தியிருக்கிறார். புகார் போயிருக்கிறது. வேலை போய்விடும் என்கிற நிலைமை. கணவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையாம். கடைசியில், நான் எப்படியோ ஒரு கெட்ட மனுஷியாக மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என்றார்.

என் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. திரையில் அடுத்த கட்டம் திறந்திருந்தது. சினைப்பைகள்: ஆம், இல்லை, தெரியாது.

அதே வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தமிழில், தொலைபேசியில், ஐந்தாறு வருடத்துக்கு முன்னால். “அக்கா, நான் கெட்டவளா ஆயிட்டேன் போல.” சொன்னது என் தங்கை மலர்க்கொடி. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது. காலையில் எழுந்து கடற்கரையோரமாக நடந்துவிட்டு வா, மூச்சுப் பயிற்சி செய் என்றேன். மறுநாள் எனக்குப் பரீட்சை. சீக்கிரம் வைத்துவிட்டேன்.

எலனுக்கு முறைப்படி எல்லாம் செய்தேன். பழைய மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டதில், அவருக்கு ஹார்மோன் சுரக்கிற இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள் என்று இரண்டே நாளில் பதில் வந்தது. மறு வாரம் மருந்து எழுதினேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஒரு கடிதமும் ஒரு வாரமும்தான் ஆயிற்று.

3

நாங்கள் பிறந்தது திருக்கோகர்ணத்தில். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். இரண்டு பெண்கள், நானும் என்னைவிட ஐந்து வயது இளையவளான மலரும். என்னை நர்ஸிங் படிக்க வைத்தார். மலர் பிளஸ் டூவோடு போதும் என்று நின்றுகொண்டாள். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்டில் மெஷின் பார்க்கிற முருகேசனுக்குக் கட்டிக் கொடுத்தோம். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரே மகள், அவளையும் காரைக்குடியில் கொடுத்தாயிற்று.

மலருக்கு முப்பத்தெட்டு வயதில் மாதா மாதம் உதிரம் நிற்காமல் போயிற்று. இரத்தம் குறைந்து, படி ஏறினால் மூச்சு வாங்கியது. கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை, இப்போது அது இல்லை, அங்கே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மலர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். வீட்டில் படித்தவள் நான், அதிலும் நர்ஸ். என் வார்த்தைதான் கடைசி வார்த்தை.

நான் அப்போது இங்கே வந்து மூன்று வருடம். முதியோர் இல்லத்தில் நாள்பூரா வேலை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பேசினேன். “பிள்ளை பெத்தாச்சு. அதை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறே? எடுத்துரு, நிம்மதி” என்றேன். எடுத்தது தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். அந்த நிலைமையில் பல பேருக்கு அது தேவைதான். ஆனால் எதை எடுக்கப் போகிறார்கள், எதை விடப் போகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

அறுவை முடிந்த இரண்டாம் மாதத்திலிருந்து மலர் வேறு ஆளாகிவிட்டாள். இதையெல்லாம் நான் துண்டு துண்டாகத் தொலைபேசியில்தான் கேட்டேன். மத்தியானம் சமைத்துக்கொண்டிருப்பாளாம். திடீரென்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, தெருவில் இறங்கி, ஐஸ் பிளாண்டுக்குள் போய்விடுவாளாம். வெளியே எடுத்து வைத்திருக்கிற ஐஸ் பாளத்தின் மேல் இரண்டு முழங்கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாளாம். முதலில் வேலையாட்கள் சிரித்தார்கள். பிறகு பயந்தார்கள். படகு கடலுக்குப் போகாத நாட்களில், ஐஸ் எடுக்க ஆளில்லாமல் பிளாண்ட் சும்மா கிடக்கும்போதும் போய் நிற்பாள். முருகேசனுக்கு அவமானம். அவரும் வாயைத் திறந்து எதையும் கேட்கிறவர் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று மந்திரிக்கக் கூட்டிப் போனார். அங்கேயும் இங்கேயுமாக ஏழெட்டுக் கோயில். ஆவுடையார்கோவிலில் ஒரு மண்டலம் விளக்குப் போட்டாள்.

சம்பந்தி வீட்டாரோடு சண்டை வந்தது. மகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் மலர் ஒரு தொந்தரவு. எனக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் அழைப்பு வந்தால், பாத்திரம் கழுவிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பேன். ஊம் ஊம் என்பேன்.

போன தையில் அவள் வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது வழுக்கிக் கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஒரு குடம் அளவு உயரத்திலிருந்துகூட விழவில்லை. நாற்பத்தாறு வயதில் அப்படி முறியக்கூடாது. எத்தனையோ பேருக்கு எலும்புத் தேய்மானத்தைப் பற்றி விளக்குகிற நான், அப்போதும் பார்த்துப் போகக் கூடாதா என்றுதான் கேட்டேன்.

4

எலன் வந்துபோன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அவள் கூப்பிடுவதற்கு முன் நானே கூப்பிட்டேன். ஆபரேஷனில் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, பக்கத்தில் இருக்கிற முட்டைப்பைகளையும் எடுத்தார்களா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

“எல்லாத்தையும் கிளீனா எடுத்தாச்சுன்னாங்க. எல்லாம்னா எதுன்னு நான் எப்படிக்கா கேக்குறது?”

டிஸ்சார்ஜ் காகிதம் இருக்கிறதா என்றேன். ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கும் என்றாள். மறுநாள் வாட்ஸப்பில் நான்கு படம் அனுப்பினாள். மூன்று மங்கல். ஒன்று இரத்தப் பரிசோதனை. கட்டுப் போட்டிருந்த கையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் எடுத்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என் மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். சித்தி என்பது அவளுக்குப் போனுக்குள் தெரியும் ஒரு முகம். நான் வற்புறுத்தி வீடியோவில் பேச வைத்தேன். “சித்தி, கையை ஏன் உடைச்சீங்க?” என்று கேட்டாள். எப்படி உடைந்தது என்று கேட்க நினைத்தாளாம். மலர், வேலையில்லாமல் உடைத்தேன் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மலர் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. போனை வைத்த பிறகு நிலா தன் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள்: உன் வேலையே இதுதானே அம்மா, சித்திக்கு மட்டும் யாரும் ஏன் இதைச் செய்யவில்லை? குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். என் வீட்டில் இப்போது கேள்விகள் ஒரு மொழியிலும் பதில்கள் இன்னொரு மொழியிலும் இருக்கின்றன. நடுவில் பாதி விழுந்துவிடுகிறது. இந்த முறை எதுவும் விழவில்லை.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அலமாரியில் எனக்கென்று வாங்கிய பட்டைகள் மூன்று மாதத்துக்கு இருந்தன. அதை அப்படியே பெட்டியில் வைத்து எடுத்துப் போய் மலருக்கு ஒட்டிவிடலாம் என்று பல நாள் யோசித்தேன். இன்னும் கொஞ்சம் வாங்க, எனக்கே தேவை கூடிவிட்டது என்று டாக்டரிடம் பொய் சொல்லலாம் என்றும் நினைத்தேன். சொந்தக்காரர்களுக்கு மருந்து எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. மீறினால் நர்ஸ் என்கிற பதிவு போகும், வேலை போகும். ஆனால் என்னைத் தடுத்தது அது மட்டுமில்லை. அவளைக் கேட்காமல், சோதிக்காமல் ஒரு தடவை முடிவு சொன்னது நான்தான். திரும்பவும் அதையே செய்வதா.

போகலாம் என்று முடிவு செய்த பிறகு போவதற்கு ஒன்பது வாரம் ஆயிற்று. இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டதால் சொந்த ஊருக்குப் போக எனக்கு அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் அப்பா பெயரில் ஓர் எழுத்தை நானே தவறாக அடித்துவிட்டேன். திரும்ப வந்துவிட்டது. நிலையத்தில் வியாழக்கிழமைக்கு மாற்று ஆள் இல்லை என்று மேலாளர் இழுத்தார். நிலாவுக்குப் பரீட்சை, வரவில்லை என்றாள். கணவருக்கு விடுப்பு இல்லை. கடைசியில் நான் மட்டும் கிளம்பினேன்.

5

ஜெகதாப்பட்டினத்தில் போய் இறங்கியபோது மத்தியானம். முருகேசன் பெட்டியை வாங்கிக்கொண்டு, “வாங்க மதினி” என்றதோடு சரி. மலர் இளைத்திருந்தாள். முன் முடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் நின்றால் அவளைத்தான் மூத்தவள் என்பார்கள். பீரோவைத் திறந்து, ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, டீ போடப் போனாள்.

ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மருந்து ரசீது. அடியில் டிஸ்சார்ஜ் காகிதம். அவள் அனுப்பாமல் விட்டது அந்தப் பக்கம்தான். அறுவையின் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. பி.எஸ்.ஓ. இரண்டு பக்கத்துச் சினைப்பைகளும் குழாய்களும் சேர்த்து எடுக்கப்பட்டன என்று பொருள். எதற்காக என்று ஒரு வரி இல்லை. மறு சோதனை, ஹார்மோன் என்று எதுவும் இல்லை. காயம் ஆறியபின் குளிக்கலாம் என்று மட்டும் இருந்தது. சம்மதப் படிவத்தில் முருகேசன் கையெழுத்து, அதற்குக் கீழே மலரின் கையெழுத்து. முழுக்க ஆங்கிலம். அழகாக, கோடு தாண்டாமல் போட்டிருந்தாள்.

நோயாளிகளுக்குக் கெட்ட செய்தி சொல்ல எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முதலில் உட்காரச் சொல்ல வேண்டும், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. அவள் டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டு சொன்னேன்.

“மலரு, கர்ப்பப்பையோட முட்டைப்பை ரெண்டையும் எடுத்துருக்காங்க. பொம்பளை உடம்புக்கு வேண்டிய சத்து அதுலதான் ஊறும். அன்னைக்கே நின்னு போச்சு. எனக்கு அம்பதை ஒட்டி வந்தது ஒனக்கு முப்பத்தெட்டுல ஒரே நாள்ல வந்துருச்சு. அனலும் எரிச்சலும் தூக்கமில்லாததும் எல்லாம் அதுதான். கையி முறிஞ்சது கூட.”

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். “அப்ப எனக்குப் பேய் புடிக்கலையா” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஒரு பதில் வேண்டிக் கேட்டாள். இல்லை என்றேன்.

அதற்கு மருந்து இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டாள். இருக்கிறது, அறுவை ஆனதுமே கொடுத்திருக்க வேண்டியது என்றேன். ஒனக்கு அப்பவே தெரியுமா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போய், நான் கேட்டிருக்கணும் மலரு, என் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். ஒனக்கு வேலை, பிள்ளை, பரீட்சை, நீ என்ன செய்வே, என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். அலுத்துப் போன குரல். மன்னித்ததா, பேசத் தெம்பில்லாததா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மூன்று பேரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கீழராஜவீதியை ஒட்டிய சந்தில் ஒரு பெண் டாக்டர். டோக்கன் நாற்பத்திரண்டு. மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். இடையில் இரண்டு தரம் மலருக்கு அனல் ஏறியது. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். வியாழக்கிழமைகளில் என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும், களைத்திருந்தார். காகிதத்தை ஒரே பார்வையில் படித்துவிட்டு, நான் கேட்கும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். காலில் இரத்தக்கட்டு, மார்பில் கட்டி, குடும்பத்தில் புற்றுநோய். மலர் இல்லை இல்லை என்று பதில் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“இதை ஆபரேசன் ஆனதுமே ஆரம்பிச்சிருக்கணும்மா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிரலை. டெஸ்ட் எல்லாம் சரியா இருந்தா அம்பது அம்பத்தோரு வயசு வரைக்கும் போட்டுக்கலாம், அப்பறம் பாத்துக்குவோம்” என்றார்.

மலர் தயங்கித் தயங்கி, இதைப் போட்டால் புற்றுநோய் வரும் என்கிறார்களே என்று கேட்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளுக்கு மட்டும் சொன்னார். இந்த வயதில் உடம்பு தானாகவே சுரந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். ஐம்பதைத் தாண்டி வருடக்கணக்காகப் போடுகிறவர்களுக்குச் சொல்கிற எச்சரிக்கையை உனக்கு அப்படியே சொல்ல முடியாது. இருந்தாலும் வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மலர் அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும் என்றாள்.

“நான் மக வீட்டுல சண்டை போட்டது, இவுகளைப் பேசுனது, அதெல்லாம் இதனாலயாங்க?”

“முழுக்க இதனாலன்னு சொல்ல மாட்டேன். இதுவும் ஒரு காரணம், பெரிய காரணம்” என்றார் டாக்டர். அவர் வேறு மாதிரி, எல்லாமே இதனால்தான் என்று சொல்லியிருந்தால் மலர் நம்பியிருக்கமாட்டாள் என்று தோன்றுகிறது.

மார்புப் படமும் எலும்புச் சோதனையும் திருச்சியில். அதற்கு நான்கு நாள். எலும்பு தேய்ந்துதான் இருந்தது. மற்றதெல்லாம் சரி. தொடையில் தினம் பூசிக்கொள்கிற ஜெல் எழுதினார், கூடவே கால்சியம். புதுக்கோட்டையில் நான்கு கடை ஏறினோம். ஒரு கடையில் அந்தப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, இது யாருக்கு என்று கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் மலர் முன்னால் போய், எனக்குத்தான், இருக்கா இல்லையா என்றாள். இல்லை. திருச்சியிலிருந்து தருவிக்க வேண்டும் என்றார்கள். நானே போய் வாங்கி வருகிறேன் என்று முருகேசன் அங்கிருந்தே திருச்சி பஸ் ஏறிவிட்டார். ஏறுவதற்கு முன் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போனேன் மதினி. மந்திரிக்கிறவன் வேப்பங்கொழையால அடிக்கயில கையைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ஆசுபத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போகணும்னு தோணலை.”

எனக்கும் தோணலை என்றேன்.

6

திரும்பி வந்து ஐந்து மாதமாகிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வியாழக்கிழமைகள் அப்படியேதான் போகின்றன. ஒரே ஒரு மாற்றம். முப்பது, நாற்பது வயதில் அறுவை நடந்தது என்று யாராவது சொன்னால் நான் கட்டத்தை நிரப்புவதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்க்கிறேன். நேரம் பிந்துகிறது. மேலாளர் இரண்டு முறை கடிதம் அனுப்பிவிட்டார்.

மலருக்கு ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. முதல் மாதம் மார்பு கனத்து வலிக்கிறது என்று ஜெல்லை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ பயமுறுத்தியும் இருக்கிறார்கள். முருகேசன் கட்டாயப்படுத்தாமல் டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போயிருக்கிறார். அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் ராத்திரி இடையில் விழிக்காமல் தூங்குவதாகச் சொன்னாள். அனல் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கிறது. ஐஸ் பிளாண்டுக்குப் போய் நின்று நாளாகிவிட்டது. எலும்புக்கும் மகளுக்கும் இன்னும் காலமாகும். மகள் தீபாவளிக்கு வந்துவிட்டு ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போனாளாம்.

போன வாரம் என் மதிய இடைவேளையில் அழைப்பு வந்தது. மலர் வார நாளில் கூப்பிடமாட்டாள். என்னவோ என்று பயந்துகொண்டு எடுத்தேன். நலம் விசாரிக்கவில்லை.

“ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. நீ நர்சுதானே? நான் ஒன்கிட்டதானே கேட்டேன்? எதை எடுக்கப் போறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

கேட்டிருக்கணும் என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. எட்டு வருடத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மந்திரிக்கப் போனபோது நான் போனில் சிரித்தது. மகள் வளைகாப்பில் அவள் அழுததற்கு நான் ஏசியது. நடந்துவிட்டு வா என்று சொன்னது. பேசும்போதெல்லாம் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும், நான் கேட்கவில்லை என்று தனக்குத் தெரியும் என்றாள். குரல் நடுங்கவில்லை. தெளிவாக, வரிசையாக, தெம்போடு பேசினாள். சிறு வயதில் அவள் இப்படித்தான் என்னோடு சண்டைக்கு நிற்பாள். நான் சமாதானம் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. வரவேற்பிலிருந்து எட்டிப் பார்த்து, அடுத்தவர் காத்திருப்பதாகச் சைகை காட்டினார்கள்.

மலரிடம் சொன்னேன், ஆள் காத்திருக்கிறது என்று.

“சரி, போயிப் பாரு. நல்லாக் கேட்டுப் பாரு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இன்னும் முடியலை. நாளைக்கும் கூப்புடுவேன்” என்றாள்.

கூப்பிடு என்றேன்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள்.